போர்டு அசெம்பிளியில் ஸ்டேடிக் அடிக்காமல் காப்பது: ஓசூர், கிருஷ்ணகிரி சிறு யூனிட்டுகளுக்கு முழுமையான வழிகாட்டி

மாசி, பங்குனியில் ஓசூர்ப் பக்கம் மதிய நேரத்தில் காற்று காய்ந்து கிடக்கும். கார்க் கதவைத் தொட்டால் விரலில் சுருக்கென்று அடிக்கும். உடம்பில் சேர்ந்த மின்னூட்டம் இப்படிப் பாய்வதுதான் ஸ்டேடிக் அடி. அந்தச் சுருக்கு நமக்கு உறைக்க வேண்டுமானால் உடம்பில் சுமார் 3,000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும். போர்டில் ஏற்றும் பாகங்களில் சில 200, 300 வோல்ட்டிலேயே அடிபட்டுவிடும். ஆபரேட்டருக்கு ஒன்றுமே தெரியாது, போர்டு போயிருக்கும்.

15 முதல் 30 பேர் வரை வேலை செய்யும், எல்இடி டிரைவர், சார்ஜர், கன்ட்ரோலர் போர்டுகளை ஜாப் ஒர்க்காகச் செய்யும் யூனிட்டை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். பெரிய ஆலைகளில் ஈஎஸ்டி (ஸ்டேடிக் பாய்ச்சல்) தடுக்கும் வேலைக்கென்றே தனி ஆள் இருப்பார். சிறு யூனிட்டில் காசு முதலில், மணிக்கட்டில் கட்டி உடம்பை எர்த் செய்யும் ரிஸ்ட் பேண்டுக்குப் போகிறது, பலநேரம் அதோடு நின்றும் போகிறது. போர்டு சாவதோ பெஞ்சில் கிடக்கும் பிளாஸ்டிக்காலும், எங்கோ அறுந்துபோன எர்த் வயராலும்தான். அதனால் அந்த இரண்டுக்கும் இங்கே கூடுதல் இடம்.

அடி எப்படி விழுகிறது

இரண்டு பொருட்கள் ஒட்டிப் பிரிந்தால் மின்னூட்டம் ஏறும். நடப்பது, டேப் உரிப்பது, கவரிலிருந்து போர்டை உருவுவது எல்லாமே ஒட்டிப் பிரிவதுதான். காற்றில் ஈரம் 10–20 சதவீதமாக இருக்கும்போது வினைல் தரையில் நடந்தால் 12,000 வோல்ட் வரை ஏறலாம். ஈரம் 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதே நடையில் 250 வோல்ட்தான். பெஞ்சில் உட்கார்ந்து கை கால் அசைப்பதற்கே வறண்ட காற்றில் 6,000 வரை போகும். இவை உச்ச அளவுகள். நம் ஊரில் எப்போதும் இவ்வளவு ஏறாது என்றாலும் 200 வோல்ட் பாகத்தைக் கொல்ல இதில் பத்தில் ஒரு பங்கே போதும்.

மனித உடம்பைக் கணக்கில் 100 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டராகவும் 1,500 ஓம் ரெசிஸ்டராகவும் வைப்பார்கள். 3,000 வோல்ட்டில் அது பாய்ந்தால் உச்சத்தில் 2 ஆம்பியர். சில நூறு நானோ விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும், ஆனால் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரின் கேட் ஆக்சைடில் (உள்ளே இருக்கும் மெல்லிய காப்புப் படலம்) ஓட்டை போட அது தாராளம். ஆளிடமிருந்து பாயும் இந்த வகைக்கு ஹெச்பிஎம் என்று பெயர். பாகமே சார்ஜ் ஏறி உலோகத்தில் படும்போது பாய்வது இன்னொரு வகை, சிடிஎம். அதில் தடுக்க உடம்பின் 1,500 ஓம் கிடையாது. ஒரு நானோ விநாடி அளவிலேயே பல ஆம்பியர் பாய்ந்து முடியும். மெஷின்கள் அதிகமுள்ள லைனில் இந்த இரண்டாவது வகைதான் கூடுதல் தொல்லை. ரிஸ்ட் பேண்ட் இதற்கு மருந்தே இல்லை.

எல்லா அடியும் உடனே கொல்லாது. பாதி அடிபட்ட பாகம் டெஸ்டில் பாஸ் ஆகி, வண்டியில் ஏறி, மூன்று மாதம் கழித்து வாரண்டியில் திரும்பி வரும்.

முதலில் பிஓஎம்மை (போர்டின் பாகப் பட்டியல்) எடுங்கள்

போர்டில் உள்ள ஒவ்வொரு ஐசி, மாஸ்ஃபெட், எல்இடியின் டேட்டாஷீட்டிலும் ஹெச்பிஎம், சிடிஎம் அளவுகளைத் தேடுங்கள். அவற்றில் மிகக் குறைந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கப் பின்பற்றும் ஏஎன்எஸ்ஐ/ஈஎஸ்டி எஸ்20.20, ஐஈசி 61340-5-1 ஆகிய இரண்டு தரநிலைகளும் ஹெச்பிஎம் 100 வோல்ட், சிடிஎம் 200 வோல்ட் வரை தாங்கும் பாகங்களைக் காக்கும்படி எழுதப்பட்டவை. உங்கள் பலவீனமான பாகம் இதற்கு மேல் தாங்கினால் கீழே சொல்லும் ஏற்பாடுகளே போதும். இதற்கும் கீழே என்றால் கஸ்டமரிடம் பேசாமல் ஆர்டரை எடுக்காதீர்கள்.

எல்லைக்கோடு

ஷெட் முழுவதையும் ஈஎஸ்டி பகுதியாக மாற்ற முயல்வது வீண் செலவு. போர்டும் பாகங்களும் கவருக்கு வெளியே திறந்து இருக்கும் இடங்களை மட்டும் மஞ்சள்-கறுப்பு டேப்பால் சுற்றிக் கோடு போடுங்கள். உள்ளே நுழைய ஒரே வழி, அங்கே ரிஸ்ட் பேண்ட், ஷூ பார்க்கும் டெஸ்டர், அதன் பக்கத்தில் கோட் மாட்டும் ஸ்டாண்ட். டீ கிளாஸ், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், செல்போன் கவர், பூக்கடை கேரிபேக் எல்லாம் கோட்டுக்கு வெளியே. முதலாளிக்கும் கஸ்டமர் ஆடிட்டருக்கும் இதே விதிதான். அவர்களுக்கு விலக்கு கொடுத்த யூனிட்டில் ஒரே வாரத்தில் எல்லாருமே விலக்கு ஆகிவிடுவார்கள்.

எர்த்: எங்கே தப்பு நடக்கிறது

தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் சில அடி தோண்டினாலே கருங்கல் இடிக்கும். கோடையில் எர்த் குழி காய்ந்து, மண்ணின் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். அதைப் பார்த்துப் பயந்து ஈஎஸ்டிக்கென்று தனியாக ஒரு குழி தோண்டி, அதை எதோடும் சேர்க்காமல் பெஞ்சில் விரிக்கும் ஈஎஸ்டி மேட்டுகளுக்கு மட்டும் வயர் இழுப்பவர்கள் உண்டு. இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. மேட் ஒரு மின்னழுத்தத்திலும் சோல்டரிங் ஸ்டேஷன் இன்னொரு மின்னழுத்தத்திலும் நிற்கும், நடுவில் மாட்டுவது போர்டு. கோடை மழையில் பக்கத்தில் இடி விழுந்தால் அந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகி ஆளுக்கே ஆபத்தாகும்.

ஸ்டேடிக்கை இறக்க மண் மிகக் குறைந்த ரெசிஸ்டன்ஸில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆள், மேட், மெஷின், சோல்டரிங் அயர்ன் எல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். (ஷாக் பாதுகாப்புக்கு மண் எர்த் நன்றாக இருந்தே ஆக வேண்டும். அது ஐஎஸ் 3043 பார்த்து எலக்ட்ரீஷியன் செய்யும் வேலை. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், இரண்டு மூன்று குழிகளை இணைக்கச் சொல்லுங்கள்.)

செய்ய வேண்டியது:

1. டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலுள்ள எர்த் பாரிலிருந்து, பச்சை-மஞ்சள் காப்பர் வயரை லைன் நெடுக இழுங்கள். 4 சதுர மி.மீ. போதும். மின்சாரத்துக்காக இல்லை, அறுந்துபோகாமல் இருக்கத்தான் இந்தத் தடிமன்.
2. ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு பொது எர்த் பாயிண்ட் வையுங்கள். அந்த பெஞ்சின் மேட், ரிஸ்ட் பேண்ட், ஐயனைசர் (அயனிக் காற்றை ஊதிச் சார்ஜைப் போக்கும் கருவி) எல்லாம் அங்கே வந்து சேர வேண்டும்.
3. அந்தப் பாயிண்டிலிருந்து எர்த் பார் வரை அளந்தால் 1 ஓமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். தனிக் குழி ஏற்கெனவே இருந்தால் அதை மெயின் எர்த்தோடு கனமான வயரால் சேர்த்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே 25 ஓமுக்கு மேல் தாண்டக் கூடாது.
4. ஒரு பெஞ்சின் மேட்டிலிருந்து அடுத்த பெஞ்சின் மேட்டுக்குச் சங்கிலிபோல் வயர் கொடுக்காதீர்கள். நடுவில் ஒரு ஸ்னாப் கழன்றால் அதற்கு அப்பால் உள்ள எல்லா பெஞ்சும் போச்சு.
5. எல்லா சாக்கெட்டிலும் டெஸ்டர் போட்டு எர்த் வருகிறதா என்று பாருங்கள். ஜெனரேட்டரில் ஓடும்போதும் ஒருமுறை பாருங்கள். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகும் பழக்கம் இன்னும் போகவில்லை. ரவுண்டு வரும்போது முதலில் பிளக்குகளைப் பாருங்கள்.

மேட்டும் தரையும்

பெஞ்சுக்கு 2 மி.மீ. இரண்டடுக்கு ரப்பர் மேட் வாங்குங்கள்: மேலே பச்சை அல்லது நீலம், அடியில் கறுப்பு. மேற்பரப்பிலிருந்து எர்த் வரை 1 மெகா ஓம் முதல் 1,000 மெகா ஓம் வரை இருந்தால் நல்லது. 1,000 மெகா ஓம் உச்ச வரம்பு. 1 மெகா ஓமுக்குக் கீழே போனால் சார்ஜ் ஏறிய போர்டை வைத்ததும் வேகமாகப் பாயும். அதனால்தான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேஜையை நேராக எர்த் செய்து அதன்மேல் போர்டு வைப்பது சரியில்லை.

சாதாரண மல்டிமீட்டரால் மேட்டை அளக்க முடியாது. 100 மெகா ஓம் உள்ள நல்ல மேட்டிலும் அது ‘ஓஎல்’ (அளவுக்கு மேல்) என்றே காட்டும். அதைப் பார்த்து மேட்டைத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு, கெட்டுப்போன மேட்டை நம்பி வைத்திருப்பவர்களும் உண்டு. 10 வோல்ட், 100 வோல்ட் கொடுத்து அளக்கும் சர்ஃபேஸ் ரெசிஸ்டன்ஸ் மீட்டர், அதோடு 2.27 கிலோ எடையும் 63.5 மி.மீ. விட்டமும் உள்ள இரண்டு புரோப் தேவை. சிப்காட்டில் நான்கு யூனிட் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறைதானே வேலை.

ஐபிஏ (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) ஊற்றித் தேய்த்தாலும், பினாயில் போட்டுத் துடைத்தாலும் மேட்டின் குணம் மாறும். பினாயில் காய்ந்ததும் நிற்கும் படலம் இன்சுலேட்டர். மேட் கம்பெனி சொல்லும் கிளீனரை மட்டும் பயன்படுத்துங்கள்.

தரையில் விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டிருந்தால் ஹீல் ஸ்ட்ராப், ஈஎஸ்டி ஷூ இரண்டும் வெறும் அலங்காரம். சார்ஜ் இறங்க வழியே இல்லை. ஈஎஸ்டி எபாக்சிக்குக் காசு இல்லையென்றால், நின்று வேலை செய்யும் இடங்களில் மட்டும் தரை மேட் போட்டு எர்த் கொடுங்கள். ஆள்-ஷூ-தரை சேர்ந்து 1,000 மெகா ஓமுக்குள் இருக்க வேண்டும், நடக்கும்போது உடம்பில் 100 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

ஆட்கள்

உட்கார்ந்து வேலை செய்பவர் ரிஸ்ட் பேண்ட் கட்டியே ஆக வேண்டும். ஷூ மட்டும் போதாது, கால் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்த நொடியில் எர்த் போய்விடும். பேண்டின் கார்டில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும். தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும் உடம்பு வழியாக 0.23 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. அந்த ரெசிஸ்டர் இல்லாமல் வெறும் வயரைக் கையில் கட்ட யாரையும் விடாதீர்கள். அது உயிர் விஷயம். ஹைபாட் டெஸ்ட் (உயர் வோல்ட் கொடுத்துக் காப்பைச் சோதிப்பது), 250 வோல்ட்டுக்கு மேல் லைவாக இருக்கும் சார்ஜர் போர்டு டெஸ்ட் ஆகிய இடங்களில் ரிஸ்ட் பேண்ட் கட்டவே கூடாது.

தினமும் ஷிஃப்ட் தொடங்கும் முன் டெஸ்டரில் பார்க்க வேண்டும். ஆளோடு சேர்த்து 35 மெகா ஓமுக்குக் குறைவாக வர வேண்டும். ஃபெயில் ஆனால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: பேண்ட் தளர்வு, சுடிதார்க் கையின் மேலேயே கட்டியிருப்பது, ஸ்னாப்புக்குப் பக்கத்தில் கார்டு உள்ளுக்குள் அறுந்திருப்பது. மூன்றாவதைக் கண்டுபிடிக்க, டெஸ்டரில் வைத்தபடியே கார்டை வளைத்து ஆட்டிப் பாருங்கள், லைட் மினுக்கினால் குப்பைக்குப் போக வேண்டியது அது. மார்கழிக் குளிரில் தோல் வறண்டவர்களுக்கு எல்லாம் சரியாக இருந்தும் ஃபெயில் காட்டும். அதற்கென்றே உள்ள லோஷன் தடவலாம்; வீட்டு கிரீம் வேண்டாம், அதிலுள்ள எண்ணெய் போர்டில் ஒட்டும்.

கார்பன் இழை ஓடும் கோட்டைப் பட்டன் போட்டு அணிய வேண்டும், பாலியஸ்டர் ஷால், துப்பட்டா, சுடிதார்க் கை எதுவும் வெளியே தெரியக் கூடாது. பாலக்கோட்டிலிருந்தும் ராயக்கோட்டையிலிருந்தும் விடிகாலை கம்பெனி பஸ் பிடித்து வருபவரிடம் பருத்தியே உடுத்தி வா என்று சொல்வது நடக்கிற காரியமில்லை, நியாயமும் இல்லை. அளவான கோட் கொடுப்பது நிர்வாகத்தின் வேலை. எல்லாருக்கும் எக்ஸ்எல் வாங்கிப் போட்டால் கையை மடக்கி விடுவார்கள், உள்ளே இருக்கும் பாலியஸ்டர் வெளியே வந்துவிடும்.

பெஞ்சில் கிடக்கும் பிளாஸ்டிக்

இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஆபரேட்டர் ரிஸ்ட் பேண்ட் கட்டியிருக்கிறார், டெஸ்ட் பாஸ். மேட் சரி. போர்டுக்குப் பக்கத்தில் ஒரு பாலித்தீன் கவர், அதில் சில ஆயிரம் வோல்ட். கவர் போர்டைத் தொடவில்லை, ஆனால் அதன் மின்புலம் போர்டின் காப்பரில் உள்ள சார்ஜை ஒரு பக்கம் தள்ளுகிறது. ஆபரேட்டர் எர்த் ஆன கையில் ஸ்டீல் ட்வீசரோடு போர்டின் ஒரு பேடை (சோல்டர் வைக்கும் காப்பர்ப் புள்ளி) தொடுகிறார்: முதல் பாய்ச்சல். கவரை நகர்த்துகிறார். போர்டில் இப்போது எதிர் சார்ஜ் மிச்சம் நிற்கிறது. போர்டை எடுத்து டெஸ்ட் ஃபிக்ஸ்சரின் உலோகப் பின்னில் வைக்கிறார்: இரண்டாவது பாய்ச்சல். எல்லா விதியையும் பின்பற்றியும் இரண்டு அடி.

இன்சுலேட்டரை எர்த் செய்ய முடியாது. வயர் கட்டினாலும் சார்ஜ் நகராது. அதனால் வரிசை இதுதான். வேலைக்குத் தேவையில்லாத பிளாஸ்டிக் எல்லாம் வெளியே போக வேண்டும்: வேலைத்தாள் போட்ட கவர், தெர்மாகோல், செலோ டேப், சாதாரண பிளாஸ்டிக் பெட்டி, பிளாஸ்டிக் ஸ்பேனர் பிடி. தேவைப்படுவதற்கு ஈஎஸ்டி வகை வாங்குங்கள்: கறுப்பு ட்ரே, ஈஎஸ்டி பிரஷ், ஈஎஸ்டி சோல்டர் சக்கர். (ஐபிஏ போட்டு நைலான் பிரஷ்ஷால் போர்டைத் தேய்ப்பது நேரடியாகச் சார்ஜ் ஏற்றும் வேலை. சாதா சோல்டர் சக்கரும் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் முனையில் சார்ஜ் ஏற்றும்.) மாற்றவே முடியாதவற்றை ஃபீல்டு மீட்டரால் (தொடாமலே சார்ஜைக் காட்டும் கருவி) அளந்து பாருங்கள். ஒரு அங்குல தூரத்தில் 2,000 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் போர்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி வையுங்கள். தள்ளவும் முடியாவிட்டால் ஐயனைசர்.

ஐயனைசர் வாங்கி வைத்தால் போதாது. காற்று போர்டின் மீது நேராகப் பட வேண்டும், நடுவில் பெட்டியோ ஸ்க்ரீனோ மறைக்கக் கூடாது. ஊசிமுனையில் வெள்ளைப் படிவு சேரும், வாரம் ஒருமுறை ஐபிஏ தொட்ட ஸ்வாபால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் பாசிட்டிவ், நெகட்டிவ் அயனிகளின் சமநிலை கெட்டு, சார்ஜை இறக்க வேண்டியதே சார்ஜ் ஏற்ற ஆரம்பிக்கும். பேலன்ஸ் ±35 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஈரப்பதம்

40–60 சதவீதம் வைத்துக்கொண்டால் வேலை எளிதாகும். ஆனால் ஈரத்தை நம்பி மற்றதை விடாதீர்கள். ஏசி ஓடினால் காற்று இன்னும் காயும். அல்ட்ராசோனிக் ஹியூமிடிஃபையர் வைப்பவர்கள் இந்த மாவட்டங்களின் போர்வெல் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. தண்ணீரின் உப்பு வெள்ளைத் தூளாகப் பறந்து போர்டில் படியும். பிறகு லீக்கேஜ், அரிப்பு என்று வேறு கதை தொடங்கும். டிஎம் வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்) ஊற்றுங்கள். தரையில் தண்ணீர் தெளிப்பதும் ஈரச்சாக்கு தொங்கவிடுவதும் வேண்டாம்.

லைனில் இடம் இடமாக

பிக் அண்ட் பிளேஸ், ரீஃப்ளோ மெஷின்களில் பாடி எர்த்தும் ஃபீடர் எர்த்தும் சரியாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. தொல்லை கையால் செய்யும் வேலைகளில்.

சோல்டரிங்: அயர்ன் முனையிலிருந்து பிளக்கின் எர்த் பின் வரை 10 ஓமுக்குள் வர வேண்டும். சூடாக இருக்கும்போதே பிளக்கைக் கழற்றி அளந்து பாருங்கள், முனை கறுத்திருந்தால் ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கும். ஓடும்போது முனைக்கும் எர்த்துக்கும் நடுவே 20 மில்லி வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு பின் போட்ட 25 வாட் அயர்ன் லைனுக்குள் வரவே கூடாது.

மாஸ்கிங்: பூச்சு படக் கூடாத இடங்களை மறைக்க ஒட்டிய காப்டன் டேப்பைக் கோட்டிங் முடிந்ததும் உரிப்பதுதான் லைனிலேயே மோசமான இடம், ஒரே இழுப்பில் ஆயிரக்கணக்கான வோல்ட். ஐயனைசர் காற்றில் வைத்து மெதுவாக உரிக்க வேண்டும். உங்களிடம் ஒரே ஒரு ஐயனைசர்தான் என்றால் அதை இங்கே வையுங்கள்.

டீபேனலிங் (பெரிய தகட்டிலிருந்து போர்டுகளை வெட்டிப் பிரிப்பது): ரவுட்டரும் வேக்கம் குழாயும் தூளை இழுக்கும்போது சார்ஜ் ஏறும். குழாய் கடத்தும் வகையாக, எர்த் ஆனதாக இருக்க வேண்டும்.

டெஸ்ட் ஃபிக்ஸ்சர் (போர்டை வைத்துச் சோதிக்கும் அமைப்பு): அக்ரிலிக் தட்டை ஈஎஸ்டி தட்டாக மாற்றுங்கள். கிரவுண்ட் பின் மற்ற பின்களைவிடச் சற்று நீளமாக இருந்தால் போர்டு இறங்கும்போது முதலில் அதுவே தொடும்.

கவர், பெட்டி, டெம்போ

பிங்க் கவர் பாதுகாப்பு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தன்னில் சார்ஜ் ஏறாமல் பார்த்துக்கொள்ளும், வெளியிலிருந்து வரும் அடியைத் தடுக்காது. அதில் கலந்துள்ள மருந்து காற்றின் ஈரத்தை இழுத்துத்தான் வேலை செய்கிறது. கோடையில் அதன் பலம் குறையும், பழசானாலும் குறையும். எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போகும் போர்டு எதுவானாலும் சாம்பல் நிற ஷீல்டிங் கவரில், வாய் மூடி, போக வேண்டும். கவரில் ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், ஓட்டை வழியாக ஷீல்டிங் போய்விடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உலோகப் படலம் நொறுங்கிய கவரைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு டெம்போவில் போகும் பெட்டிக்குள் போர்டுகள் குலுங்கி உரசக் கூடாது. தடுப்பு வைத்த கறுப்பு ஈஎஸ்டி பெட்டி வேண்டும். தெர்மாகோல் துண்டு அடைப்பதை நிறுத்துங்கள்.

அளந்து எழுதுவது

ரிஸ்ட் பேண்ட், ஷூ தினமும். ஈரப்பதம் காலை, மதியம். ஐயனைசர் மாதம் ஒருமுறை. மேட், தரை, சோல்டரிங் முனை, பொது எர்த் பாயிண்ட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மாசி தொடங்கும் முன் கூடுதலாக ஒருமுறை. ‘ஓகே’ என்று எழுத விடாதீர்கள், எண்ணையே எழுத வேண்டும். ஒரு மேட் 20, 60, 300 மெகா ஓம் என்று ஏறிக்கொண்டே போவது ‘ஓகே, ஓகே, ஓகே’யில் தெரியாது.

செத்த போர்டைப் பார்க்கும்போது

ஐசி கருகி, மேல் கூடு வெடித்திருந்தால் அது பெரும்பாலும் ஓவர் வோல்டேஜ், தலைகீழ் சப்ளை, ஷார்ட் போன்றவற்றின் வேலை. ஸ்டேடிக் அடி வெளியே தெரியாது: ஒரு இன்புட் பின் கிரவுண்டோடு சில நூறு ஓம் காட்டும், மாஸ்ஃபெட்டின் கேட்-சோர்ஸ் நடுவே லீக்கேஜ் இருக்கும், எல்இடி வரிசையில் ஒன்று குறைந்த கரன்டில் மட்டும் எரியாது. நல்ல போர்டின் அதே பின்னோடு ஒப்பிட்டு அளந்தால்தான் பிடிபடும். காரணம் தெரியாத எல்லாவற்றையும் ஈஎஸ்டி தலையில் போட்டால் உண்மையான சப்ளை கோளாறு மறைந்துவிடும்.

ரிஜெக்ட் ரிஜிஸ்டரில் எந்தப் பின், எந்த பெஞ்சைத் தாண்டி வந்த போர்டு, அன்று மதியம் ஈரப்பதம் என்ன என்று மூன்று கட்டங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பின் மீண்டும் மீண்டும் வந்தால் அந்தப் பின்னை லைனில் முதலில் தொடுவது எது என்று பின்னோக்கிப் போங்கள். பெரும்பாலும் ஒரு ஃபிக்ஸ்சர் பின்னிலோ கனெக்டர் மாட்டும் இடத்திலோ போய் நிற்கும்.